எலிக்குஞ்சுக்குப் பெயர் வைத்த கதை

உங்கள் வீட்டு அம்மிக்கு யாராவது பெயர் வைத்திருக்கிறீர்களா? அம்மி என்றால் அம்மி. அரைக்கிறோம், கழுவுகிறோம், சாய்த்து வைக்கிறோம். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பெயர் தேடாமல் மனிதர்கள் நிம்மதியாக இருந்த ஒரு காலத்தில், ஒரு நாட்டு ராஜாவுக்கு மட்டும் அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

அந்த நாட்டின் வடகோடியில் கல்மேடு என்று ஓர் ஊர். ஊர் முழுக்கக் கல் வெட்டுகிற குடும்பங்கள். அங்கே ஒரு பாறைக்குழியில் இளஞ்சிவப்பாக ஒரு கல் கிடைத்தது. தேய்த்தால் பளபளவென்று வரும். உள்ளே மையைச் சிந்தின மாதிரி கருப்புக் கருப்பாக நரம்பு ஓடும். ராஜா அதைப் பார்த்ததும் தன் கொலுமண்டபத்துச் சிங்காசனத்துக்கு அந்தக் கல்லில்தான் பலகை போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு பலகையை எட்டு ஆள் தூக்கி வந்து மண்டபத்தில் இறக்கினார்கள். கூடவே கல்மேட்டுத் தலைவி இருளாயியும் வந்தாள். ஐம்பது வயது. உளி பிடித்துப் பிடித்து வலது கை இடது கையைவிடப் பெருத்திருக்கும்.

ராஜா பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஆகா. இந்தக் கல்லின் பெயர் என்ன அம்மா?"

"எலிக்குஞ்சுங்க மகாராசா."

"என்னது?"

"எலிக்குஞ்சுக் கல்லுங்க. நாங்க சுருக்கமா எலிக்குஞ்சும்போம்."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். விகடன் மூக்காண்டி மட்டும் இருமத் தெரியாமல் சிரித்துவிட்டான்.

ராஜாவுக்கு முகம் கறுத்தது. பெயர் என்று வந்தால் அவருக்கு ஒரு வலி உண்டு. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதால், மூன்றாவதாகப் பிறந்த இவரைச் சாமிக்குப் பிச்சை கேட்டு வாங்கினதாகச் சொல்லி, பிச்சை என்றே பெயர் வைத்திருந்தார்கள். பட்டத்துக்கு வந்தபின் விஜயகோலாகல மகாராஜா என்று முப்பத்திரண்டு பட்டப்பெயர்கள் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் பெரிய ராணியம்மா, அதாவது அவருடைய தாயார், உள்ளேயிருந்து "பிச்சே, சாப்பிட வா" என்று கூப்பிட்டால் அரண்மனையின் ஏழு கட்டுக்கும் கேட்கும்.

"வருகிற பௌர்ணமிக்குப் பக்கத்து நாட்டு மன்னர் வருகிறார்," என்றார் ராஜா. "அவர் ஊருக்குப் போய், அந்த ராஜா எலிக்குஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டுமா? இந்தக் கல்லை என் பிள்ளையாக நினைக்கிறேன். என் பிள்ளைக்கு எலிக்குஞ்சு என்றா பெயர்?"

இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார் அவைப்புலவர் சிந்தாமணிப் பண்டிதர். அவர் நூறு பாட்டுப் பாடினால் ராஜா கொட்டாவி விடுவார். மூக்காண்டி அரை வார்த்தை சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பத்து வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்துப் பண்டிதருக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது.

"மன்னர் மன்னா, அடியேன் ஒரு திருநாமம் யாத்துள்ளேன். உதயபங்கஜ ராஜமோகன சிலாரத்னம். உதயம் என்பது கதிரவன் எழும் வேளையின் நிறம். பங்கஜம் என்பது தாமரை. ராஜமோகனம், தங்களையே மயக்கியது. சிலாரத்னம், கல்லுக்குள் மாணிக்கம்."

"கருப்பு நரம்பு எந்தச் சொல்லில் வருகிறது புலவரே?" என்று மூக்காண்டி கேட்டான்.

"அது குறை. குறையைப் பெயரில் சொல்லலாகாது."

"கல்லில் பாதி அதுதானே."

ராஜா கையைத் தூக்கினார். "போதும். இன்று முதல் இதுவே பெயர். வேறு பெயர் சொல்பவர் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும். புரிந்ததா அம்மா? எங்கே, ஒரு முறை சொல்."

இருளாயி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "உதய... பங்காளி..." பலகையைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். "எலிக்குஞ்சுன்னே வருதுங்க."

பாருங்கள், சட்டம் போட்டு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை.

ராஜாவுக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் சொன்ன சொல்லைச் சபையில் திரும்ப எடுக்க முடியாது. அப்போது பண்டிதர் குழைந்தார். "மன்னா, பாமரப் பெண். ஒரு வாய்ப்பு அளிக்கலாம். சிரித்தாரே நம் விகடகவி, அவரே போய்க் கற்பிக்கட்டும். பௌர்ணமிக்கு முந்தின நாளுக்குள் கல்மேட்டில் ஒவ்வொரு வாயிலும் இத்திருநாமம் வர வேண்டும். வராவிட்டால் இவளுடைய குடும்பமும் விகடகவியும் சேர்ந்தே எல்லையைக் கடக்கலாம்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

எல்லைக்கு அந்தப் பக்கம் நாலு நாள் நடந்தாலும் வண்டல் மண்தான். ஒரு கூழாங்கல் கிடைக்காது. கல் வெட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத குடும்பம் அங்கே போய் என்ன செய்யும்? இருளாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள். மூக்காண்டி பின்னால் போனான்.

கல்மேட்டில் அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அரச மரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்தான்.

"எல்லாரும் சொல்லுங்க. உதய."

"உதய."

"பங்கஜ."

"பங்கஜ."

"உதயபங்கஜ."

"பங்குனி உதயம்."

"எந்த ஊர்ல பங்குனி வந்துச்சு? உதய. பங்கஜ. இவ்வளவுதான். சேத்துச் சொல்லுங்க."

"சேத்துச் சொன்னாத்தான சாமி வரமாட்டேங்குது. தனித்தனியா சொல்லிக்கிட்டா என்ன? பாதிய இன்னைக்குச் சொல்றோம், மீதிய நாளைக்கி."

மூக்காண்டி தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டான். ஊர் உலகத்தையே சிரிக்க வைக்கிறவனுக்கு அன்றைக்கு அழுகை வந்தது. பல்லில்லாத ஒரு கிழவர் தானும் சொல்லியே தீருவேன் என்று அடம்பிடித்து, சிலாரத்னம் என்ற இடத்தில் மூன்று முறை மூச்சு முட்டி, அவரைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

"விடுங்க சாமி," என்றாள் இருளாயி. "வெயில் ஏறுது. ரெண்டாவது பலகை குழிக்குள்ள கெடக்கு. அதயாவது மேல ஏத்துவோம்."

அங்கேதான் விஷயமே இருந்தது.

எட்டுப் பேர் பலகையைக் கயிற்றில் கட்டி, நான்கு மூங்கிலில் கோத்துத் தோளில் ஏற்றினார்கள். மேலே கொண்டு வந்து வைக்கோலின்மேல் இறக்க வேண்டும். அந்த நேரத்தில் குரல் கொடுப்பவள் இருளாயி. இத்தனை வருஷமும் அவள் "எலி" என்று நீட்டினால் எட்டுப் பேரும் முழங்காலை மடக்குவார்கள். "குஞ்சு" என்று விட்டால் பலகை வைக்கோலைத் தொடும். இன்றைக்கு அவள் வாயில் சட்டம் உட்கார்ந்திருந்தது. திணறித் திணறி, "உதய... பங்கஜ..." என்றாள். முன்னால் நின்ற இரண்டு பேர் உதயத்தில் மடங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் இன்னும் பெயர் முடியவில்லையே என்று விறைத்து நின்றார்கள். பலகை சரிந்தது. வைக்கோலைத் தாண்டிப் பாறையில் விழுந்து, கருப்பு நரம்பு போன வழியே இரண்டாகப் பிளந்தது.

ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். விரல் நசுங்கவில்லை, தோல் மட்டும் போயிருந்தது.

"எலிக்குஞ்சுன்னு யாரு தாயி பேரு வெச்சது?" என்று கேட்டான் மூக்காண்டி.

"யாரும் வெக்கல. அதுவா வந்துச்சு." அவள் உடைந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்குப் பொறந்த எலிக்குஞ்சப் பாத்திருக்கீங்களா? செவப்பும் இல்லாம வெள்ளையும் இல்லாம இந்த நெறம்தான் இருக்கும். கண்ணு தொறந்திருக்காது. ஆனா தோலுக்குள்ள கருப்பாத் தெரியும். இதுவும் அப்படித்தான? அதுவுமில்லாம இந்தக் கல்லு மத்த கல்லு மாதிரி இல்ல சாமி. நரம்புல அடி பட்டா செத்துரும். எலிக்குஞ்சுன்னு சொன்னா எப்பேர்ப்பட்ட முரடனுக்கும் கை தானா மெத்துனு ஆயிரும். அதுக்குத்தான் அந்தப் பேரு. உங்க பண்டிதர் வெச்ச பேருல கைக்கு ஒண்ணுமே சொல்லலியே."

மூக்காண்டி உடைந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதோட, பேரு வெச்சேன் பேரு வெச்சேங்கிறாங்க," என்று எரிச்சலோடு தொடர்ந்தாள் இருளாயி. "தாய்மாமன் யாரு? மடியில வாங்கினாங்களா? காதுல மூணு தரம் சொன்னாங்களா? ஒரு வாய் சக்கரை உண்டா? எங்க வீட்டு நொண்டி ஆட்டுக்குக்கூட அப்படிப் பேரு வெக்கமாட்டோம்."

அந்த நாட்டில் அதுதான் முறை. பெயர் வைப்பவர் தாய்மாமன் ஸ்தானம். பிள்ளையை மடியில் வாங்கி, காதோரம் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் சொல்லியாகிவிட்டால் அதோடு சரி. ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது.

மூக்காண்டி தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டான். "தாயி, பௌர்ணமிக்கு முந்தின நாள் இந்த எட்டுப் பேரோட அரண்மனைக்கு வந்துருங்க. குரல் குடுக்க நீங்களும் வாங்க. ஆனா அன்னைக்கு என்ன நடந்தாலும் வாயத் திறக்கக் கூடாது."

"குரல் குடுக்க வரணும், வாயத் திறக்கக் கூடாது. நல்லாருக்கு சாமி உங்க பேச்சு."

மறுநாள் சபையில் மூக்காண்டி கைகட்டி நின்றான். "மன்னா, கல்மேட்டில் ஒருவர் வாயிலும் பெயர் நிற்கவில்லை."

பண்டிதர் மெல்லப் புன்னகைத்தார்.

"தவறு அவர்களுடையது அன்று மன்னா. இந்தக் கல் தங்கள் பிள்ளை என்று தாங்களே திருவாய் மலர்ந்தீர்கள். பிள்ளைக்கு முறைப்படி பெயர் வைக்கவில்லையே. முறை செய்யாத பெயர் எப்படி நிற்கும்? தாங்கள் அறியாததா? தங்களுக்கு முப்பத்திரண்டு பட்டப்பெயர்கள். இருந்தும் உள்ளேயிருந்து..."

சரியாக அந்த நேரம் உள்ளேயிருந்து, "பிச்சே, மோர் ஆறிப்போகுது பாரு," என்று பெரிய ராணியம்மாவின் குரல் வந்தது. மோர் எப்படி ஆறும் என்று யாரும் கேட்கவில்லை.

ராஜா பெருமூச்சு விட்டார். "உண்மைதான். முறை என்றால் முறைதான். தாய்மாமன் யார்?"

"பெயரை யாத்தவர்தானே மன்னா தாய்மாமன்."

பண்டிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராஜாவின் பிள்ளைக்குத் தாய்மாமன் என்றால் ராஜாவுக்கு என்ன உறவு? மைத்துனர். பட்டுக் குடை, மேளம், முன்வரிசை ஆசனம் எல்லாம் அவர் கண்ணுக்குள் ஓடின. இந்த முட்டாள் விகடன் தனக்குக் குழி வெட்டிக்கொண்டு எனக்குப் பல்லக்கு அனுப்புகிறானே என்று நினைத்துக்கொண்டார்.

"அடியேன் பாக்கியம்," என்றார். "முறைப்படி அனைத்தையும் ஏற்கிறேன்."

"அனைத்தையும் என்று சபையில் சொல்லியிருக்கிறார்," என்றான் மூக்காண்டி. சபை எழுத்தர் அதை எழுதிக்கொண்டார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் பண்டிதர் மேளதாளத்தோடு வந்தார். பட்டு, பழம், சர்க்கரை, வெள்ளிக் கொலுசு என்று பதினோரு தட்டுச் சீர். கொலுசை எங்கே போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, வாங்கினவர்களுக்கும் தெரியவில்லை. மண்டபத்தின் நடுவே மணை போட்டிருந்தது. பண்டிதர் அதில் சம்மணமிட்டு அமர்ந்து, சுற்றிலும் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"மைத்துனரே, சௌகரியமாக இருக்கிறதா?" என்றார் ராஜா.

பண்டிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதற்குமேல் என்ன வேண்டும் மன்னா."

"பிள்ளையைக் கொண்டு வாருங்கள்," என்றான் மூக்காண்டி.

எட்டுப் பேர் மூங்கிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நடுவே கயிற்றில் சிங்காசனப் பலகை ஆடியது. பக்கத்தில் இருளாயி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நடந்து வந்தாள்.

பண்டிதர் பலகையைப் பார்த்தார். தன் மடியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குக் கணக்குப் புரிந்தது.

"விகடகவியாரே, ஒரு சில்லு போதாதா? அடையாளத்துக்கு?"

"பிள்ளையின் நகத்தை வெட்டி மடியில் வைத்துக்கொண்டா பெயர் வைப்பார்கள்? மன்னர் பிள்ளை புலவரே. முழுசாகத்தான் வரும்."

"காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையே."

"தெரியாத வரைக்கும் நல்லது. எங்கே சொன்னாலும் காதில் சொன்னதாகிவிடும்."

பண்டிதர் ராஜாவைத் திரும்பிப் பார்த்தார். ராஜா ஆவலோடு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடினால் மைத்துனர் பதவி போகும், பெயரும் போகும். ஓடாவிட்டால் தொடை போகும்.

பலகை அவர் மடிக்கு நேராக, ஒரு முழ உயரத்தில் வந்து நின்றது. எட்டுப் பேரும் இருளாயியைப் பார்த்தார்கள். இருளாயி மேற்கூரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, இறக்கச் சொல்லேன். மெதுவாக," என்றார் பண்டிதர்.

அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"அவள் எப்படிச் சொல்வாள்?" என்றான் மூக்காண்டி. "கல்லின் பெயரைச் சொன்னால்தான் இவர்களுக்கு இறக்கத் தெரியும். அவளுக்குத் தெரிந்த பெயரைச் சொன்னால் நாடு கடத்துவீர்கள். புதுப்பெயரைத் தாங்களே சொல்லி இறக்கிக்கொள்ளுங்கள். அப்படியே காதிலும் சொன்னதாக ஆயிற்று."

பண்டிதர் தொண்டையைச் செருமினார். பாட்டுப் பாடுகிற குரலில் ஆரம்பித்தார். "உதய..."

முன்னால் நின்ற இருவர் முழங்காலை மடக்கினார்கள்.

"பங்கஜ..."

இடது பக்கம் இருவர் மடக்கினார்கள். பலகை சாய்ந்தது. முன்விளிம்பு பண்டிதரின் பட்டு வேட்டியை உரசியது.

"ராஜமோ..."

பின்னால் இருந்தவர்கள், முடிந்துவிட்டதா இல்லையா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னும் இருக்குடா," என்றான் ஒருவன். "இல்லடா, எறக்கு," என்றான் இன்னொருவன். கயிறு நெறுநெறுவென்றது. பலகையின் ஒரு மூலை சரேலென்று கீழே வந்தது.

பண்டிதருக்கு அந்த நேரத்தில் சூரியன் மறந்தது. தாமரை மறந்தது. முப்பது வருஷம் படித்த ஏடெல்லாம் மறந்தது. பலகையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"எலிக்குஞ்சு, எலிக்குஞ்சு, ஐயோ எலிக்குஞ்சு."

முதல் எலியில் எட்டுப் பேரின் முழங்கால்களும் ஒன்றாக மடங்கின. முதல் குஞ்சில் எட்டுப் பேரின் கைகளும் மெத்தென்று ஆயின. பலகை காற்றில் அப்படியே நின்றது. அப்புறம், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி பண்டிதர் மடியின்மேல் பட்டும் படாமலும் உட்கார்ந்தது. எட்டுப் பேரும் பாரத்தைத் தோளிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு கீறல் இல்லை. வேட்டி மட்டும் நனைந்திருந்தது. அது வியர்வை என்று பிறகு சொன்னார்.



மூக்காண்டி விரலை மடக்கினான். "ஒன்று. இரண்டு. மூன்று. மன்னா, தாய்மாமன் மடியில் வாங்கியாகிவிட்டது. காதோரம் மூன்று தரம் பெயரும் சொல்லியாகிவிட்டது. சபையே சாட்சி. சர்க்கரையைக் கொடுக்கச் சொல்லலாமா?"

"இல்லை, இல்லை," என்றார் பண்டிதர் பலகைக்கு அடியிலிருந்து. "அது வாய் தவறி..."

"வாய் தவறவில்லை புலவரே. வாய்க்குத் தேவைப்பட்டதைச் சொன்னீர்கள். கல்மேட்டுக்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது. தோள் குலுங்கியது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு அவர் சிங்காசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரீடம் காதுக்கு இறங்கியது. "மைத்துனரே," என்று ஆரம்பிப்பார், முடிக்க முடியாமல் மறுபடி சிரிப்பார். உள்ளேயிருந்து பெரிய ராணியம்மா, "என்ன பிச்சே, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். "பேர் வைத்தோம் அம்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ராஜா பதில் சொன்னார்.

இருளாயி இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். ராஜா அவளைப் பார்த்தார்.

"அம்மா, மூன்று தரம் சொன்ன பெயரை நானும் மாற்ற முடியாது. எனக்கே ஆகாத காரியம், இந்தக் கல்லுக்கு ஆகுமா? சட்டம் போயிற்று. நீ குடும்பத்தோடு இந்த நாட்டிலேயே இரு."

"அப்ப இப்ப வாயத் திறக்கலாமா சாமி?" என்று மூக்காண்டியிடம் கேட்டாள்.

"தாராளமா."

"எலிக்குஞ்ச எடுங்கடா, பாவம் அந்த மனுசன்."

எட்டுப் பேரும் தூக்கினார்கள். பண்டிதர் எழுந்து, பதினோரு தட்டுச் சீரையும் ஒரு முறை பார்த்தார். முறைப்படி அதெல்லாம் பிள்ளைக்கு. பிள்ளை சாப்பிடாது என்பதால் கல்மேட்டுக்குப் போயிற்று. கொலுசு இருளாயியின் பேத்திக்கு.

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மூக்காண்டிக்குப் போட்டார். "நாளை அந்த மன்னர் பெயரைக் கேட்டுச் சிரித்தால் என்னடா செய்வேன்?"

"உட்காரச் சொல்லுங்கள் மன்னா."

மறுநாள் காலை பக்கத்து நாட்டு ராஜா வந்தார். சிங்காசனத்தில் போட்டிருந்த பலகையைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். இது என்ன கல் என்று கேட்டார். எலிக்குஞ்சு என்று ராஜா சொன்னார். தனக்கும் நாலு எலிக்குஞ்சு வேண்டும், பார்த்து மெதுவாகக் கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார் அவர்.